பதினோராயிரம் ரூபாய் வெறுங்கால்

வெறுங்காலோடு நடப்பதற்குப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்தவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டார் சொல்லி நீங்கள் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது முட்டி வலித்தது. குதிகால் உயர்ந்த ஷூதான் காரணம், மனிதக் கால் மண்ணை உணர வேண்டும் என்று அலுவலக நண்பன் வகுப்பெடுத்தான். ‘வெறுங்கால் ஷூ’ என்று ஒன்று விற்கிறார்கள்; உடனே வாங்கினேன். அட்டை மாதிரி மெல்லிய அடி, விரல்கள் விரிந்துகொள்ள அகலமான முன்பகுதி, தோல் நிறம். போட்டால் போட்டதே தெரியாது. (பணம் போனது மட்டும் தெரியும்.) பொய் சொல்லக் கூடாது, முட்டி வலி குறையத்தான் செய்தது.

தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, திருவாரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் அடுத்தவர் வயலில், சேற்றுப்புண்ணோடு வேலை செய்தவர் அவர்.

“என்னடா இது?”

“வெறுங்காலோட நடக்குற மாதிரியே இருக்கும்பா.”

“அது எங்கிட்டயே இருந்துச்சே. கேட்டிருந்தா சும்மா குடுத்திருப்பனே.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

“நல்ல பூட்ஸா போட்டுக்கிட்டு வாடா. மேலத்தெருவுல போறோம். சத்தம் கேக்கணும்.”

அப்பாவின் இளவயதில் எங்கள் ஆட்கள் மேலத்தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே தெருவில் மகன் பூட்ஸ் போட்டு டக் டக்கென்று நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. நானோ முட்டி, முதுகெலும்பு, இயற்கை நடை என்று அவருக்கே வகுப்பெடுத்தேன். (ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். விடவில்லை.)

புதுத் தோல்செருப்பு சரக் சரக்கென்று ஒலிக்க, அப்பா நிமிர்ந்து முன்னால் நடந்தார். பின்னால் நான் பூனை மாதிரி போனேன். தெருவின் பாதியில், வேலிக்குக் கொண்டுபோனவர்கள் சிந்திவிட்டுப் போன கருவை முள் ஒன்று அந்த மெல்லிய அடியைத் துளைத்துக் குதிகாலுக்குள் இறங்கியது. மண்ணை நன்றாகவே உணர்ந்தேன். ஒற்றைக் காலில் குதித்து, ஷூவைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கினால் முனை உள்ளேயே முறிந்துவிட்டது. திரும்பப் போட முடியவில்லை. ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் கேவலமாக இருக்கும் என்று மற்றதையும் கழற்றினேன். ஒரு கையில் பத்திரிகைத் தட்டு, மறு கையில் ஷூ. அப்படியே நொண்டிக்கொண்டு போய்ப் பண்ணை வீட்டு வாசலில் நின்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பண்ணை வீட்டுப் பெரியவர் என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பரவால்லயே கோவிந்தா! ஒம்மவன் பெங்களூர் போயும் பழைய மரியாதைய மறக்கல பாரு.”

அப்பா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க முயன்றுகொண்டே இருக்கிறேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவரைப் பார்த்துச் சிரித்தேன். பல்லெல்லாம் தெரிய.

தட்டிலிருந்து பத்திரிகையை எடுக்கப் போன அப்பா, கையை இழுத்துக்கொண்டார். “வர்றேங்க” என்று திரும்பி நடந்தார். அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவே இல்லை.

வீட்டில் அம்மா ஊக்கால் முள்ளைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டார்: “முள்ளு குத்திருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாடா?”

வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. இல்லை, தெரியும். எழுதத்தான் கூசுகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஷூவுக்குப் பெயர் ‘மரியாதை’. “மச்சான், மரியாதைய வாசல்லயே வுட்டுட்டு வாங்க” என்பார் தங்கை வீட்டுக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பா மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

போன மாதம் கனமான பூட்ஸ் ஒன்று வாங்கி, முட்டி தெறிக்கத் தெறிக்க மேலத்தெருவில் நாலு தடவை நடந்துவிட்டு வந்தேன்.

“பெரியவர் இருந்தாரா?” என்றார் அப்பா.

“இருந்தாருப்பா.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அவருக்கு இப்பக் காது கேக்கறதில்லயாம்.”