உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்

இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் எல்லாரும் பாலிசியைப் படித்திருப்பார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், மற்ற ஏஜெண்டுகளைப் பற்றி.

பகலில் கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை, மாலையில் மெடிக்கல் கார்டு என்ற மருத்துவ இன்சூரன்ஸ் விற்கும் ஏஜெண்ட். என் கணவர் வீட்டுச் சொந்தத்தில் என்னிடம் கார்டு வாங்காதவர்கள், என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் மட்டும்தான். எல்லாரிடமும் ஒரே வசனம்: "கால்ல முள்ளு குத்துனாக்கூட கார்டை நீட்டுங்க. மத்ததை கம்பெனி பாத்துக்கும்."

ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினேன். குதிகாலில் ஆணி அடித்தது போல ஒரு வலி. நாளாக நாளாக, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகும் நிலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறப்பு டாக்டர் பார்த்தார். பாதத்துத் தசைநாரில் வீக்கம், ஷாக்வேவ் தெரப்பி சில தடவை கொடுத்தால் குணமாகும் என்றார்.

பிரேக்கை மிதிக்க முடியாததால் சிகிச்சைக்கு என் நாத்தனார், கணவரின் அக்கா சரோஜா அண்ணி, கார் ஓட்டி வந்தார். போன மாதம்தான் என்னிடம் கார்டு எடுத்திருந்தார். "கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு நீங்களே நேர்ல பாருங்க அண்ணி," என்று வழியெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் கார்டைத் திருப்பித் தந்தாள். "இது கவர் ஆகாதுக்கா. வார்டுல படுத்தாத்தான் கார்டு."

"அப்ப என்னைய படுக்க வைங்க லா."

"இது கிளினிக்குக்கா. இங்க வார்டே இல்ல."

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு ஏஜெண்ட் எப்படிச் சண்டை போட்டு ஜெயிக்கிறாள் என்று எல்லாருக்கும் காட்ட நினைத்து, கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மறுமுனையில் ஓர் ஆள் மலாயில், மரியாதைக்குப் ‘புவான்’ போட்டு, பணிவாகச் சொன்னார்: ஷாக்வேவ் உங்கள் பாலிசியில் இல்லை, புவான். பாலிசியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது.

"வாங்கும்போது எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்று நானும் மலாயில் குரலை உயர்த்தினேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்படியென்றால் தவறு ஏஜெண்ட் மேல்தான், புகார் கொடுங்கள், இப்போதே பதிவு செய்கிறேன் என்றார். பிறகு ஏஜெண்ட்டின் பெயரை வாசித்தார். மல்லிகா என்று மட்டும் வாசித்திருந்தால் தப்பித்திருப்பேன். அப்பா பெயரோடு முழுசாக வாசித்தார். "புவான், இது உங்க பேராச்சே?"

காத்திருந்தவர்களில் கழுத்துப் பட்டை போட்டிருந்த ஓர் அங்கிள், தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

அண்ணி மெதுவாகக் கேட்டார். "என்னோடதும் இதே பாலிசிதானே?"

அவசரமாகப் பேங்க் கார்டை எடுத்துக் கவுண்டரில் நீட்டினேன். மெஷின் அதையும் ஏற்கவில்லை. (மாதக் கடைசி.) சொந்தப் பணத்தில்தான் கட்ட வேண்டும் என்றிருந்தாள் கவுண்டர் பெண். கட்டியது சொந்தக்காரி. அண்ணி கைப்பையைத் திறந்தபோது, பேசாமல் நொண்டிக்கொண்டே கிள்ளானுக்கு நடந்துவிடலாமா என்று தோன்றியது.

உள்ளே ஒரு பிசியோ பையன் குதிகாலில் ஜெல்லைத் தடவி, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினான். ரோட்டைத் தோண்டும் சத்தம். என் உயிர் உச்சந்தலை வரைக்கும் ஏறி இறங்கியது.

"வலிச்சா சொல்லுங்கக்கா, குறைக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணி சொன்னார். "குறைக்காதீங்க தம்பி. முழுசா கட்டியிருக்கு."

நான் அழுதேன். காலுக்காக மட்டும் இல்லை. எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அந்த முள் வசனத்தைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

திரும்பும் வழியில் பயங்கர ஜாம். ஷா ஆலம் தாண்டியதும் அண்ணி கேட்டார்.

"ஏன் மல்லிகா, தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரியாமத்தான் அண்ணி."

அவர் பெருமூச்சு விட்டார். "ஏமாத்தியிருந்தாக்கூட, உனக்கு வெவரம் இருக்குன்னு நெனச்சிருப்பேன்."

அந்த வாரம்தான் பாலிசியை முதன்முதலாகப் படித்தேன். கிடைக்கும் என்றதை விட கிடைக்காது என்றதுதான் நீளமாக இருந்தது. விற்ற வீடுகளுக்கெல்லாம் நொண்டி நொண்டிப் போய் விளக்கினேன். சிலர் திட்டினார்கள். சிலர் பாவப்பட்டு நாற்காலி போட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு என்னிடம் யாரும் கார்டு வாங்கவில்லை. மீதி சிகிச்சைக்கு நானும் போகவில்லை. குதிகால் இன்னும் வலிக்கிறது.

ஆனால் சொந்தத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் போன் எனக்குத்தான். போன தீபாவளிக்கு அண்ணி தன் புது மருமகளிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இவங்க உன் அத்தை. எது கிடைக்காதுன்னு கேளு, கரெக்டா சொல்லுவாங்க. எது கிடைக்கும்னு மட்டும் கேட்டுறாத."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, பல்லுக்குக் கம்பி போட்டால் கார்டு கட்டுமா என்று கேட்டாள்.

"கிடைக்காது," என்றேன்.

வீடே கை தட்டியது.