ஒவ்வாமைக்கு அடுத்த பக்கம்

"நாளைக்கு நாலு மணிக்குத் தடுப்பூசி. மறந்துடாதீங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான். கையிலிருந்த பென்சிலைக் கீழே போட்டார் புரூஃப் ரீடர்.

பதிமூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவர் கட்டிக்காத்த ஒரே ரகசியம் ஊசி பயம். ஊசியைக் கண்டால் உயிர் போய்விடும். அது மனைவிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். எது முதலில் போகுமோ என்ற கவலையில் அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளையாக மேசைமேல் ஆயுதம் கிடந்தது. பள்ளிப் பாடநூலுக்கான நோய் எதிர்ப்புக் கலைச்சொற்கள், அகரவரிசையில். வழக்கம்போல் மனைவி மூலப்பிரதியை நிறுத்தக்குறிகளோடு உரக்கப் படித்தாள். இவர் அச்சுத்தாளில் பிழை தேடினார்.

"எதிர்ப்பொருள் முக்காற்புள்ளி உடலுக்குள் புகுந்த கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம் முற்றுப்புள்ளி."

"அது எனக்கு நிறைய இருக்கு" என்றார் பேச்சுவாக்கில். "போன வருஷம்தானே ஃப்ளூ வந்துச்சு? உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கும். ஊசியே வேண்டாம்."

"கல்யாண நாளையே ஞாபகம் வெச்சுக்காத உடம்பு. எங்கம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது, உங்களுக்கு எதிர்ப்பொருளா? மேல பாருங்க."

முதல் அம்பு முறிந்தது. அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். தாளின் கடைசி வரியில் கடவுளே கை கொடுத்தார்.

"ஒவ்வாமை முக்காற்புள்ளி தீங்கில்லாத பொருளையும் எதிரி என்று எண்ணி உடல் துள்ளிக் குதிப்பது முற்றுப்புள்ளி."

"எனக்கு இதுதான்" என்றார் தழுதழுத்த குரலில். "ஊசி மருந்து ஒத்துக்காது."

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீ பயந்துடுவியேன்னுதான்."

"அடப்பாவமே" என்று அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். "ஒவ்வாமைச் சோதனை முக்காற்புள்ளி முன்கையில் பன்னிரண்டு மருந்துத் துளிகளை வைத்து காற்புள்ளி ஒவ்வொரு துளியிலும் ஊசிமுனையால் குத்திப் பார்ப்பது முற்றுப்புள்ளி. கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிடறேன். மூணரைக்கே போயிடலாம்."

பொய் என்று ஒப்புக்கொண்டால் ஏன் பொய் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டு பிழை தேடினார். எழுத்துகளெல்லாம் குண்டூசிகளாகத் தெரிந்தன.

மறுநாள் நர்ஸ் அவர் கையை மேசைமேல் நீட்டி வைத்து வரிசையாகக் குத்தினாள். ஐந்து வரை எண்ணினார். பிறகு எண்கள் மறந்துவிட்டன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கத்தவும் வழியில்லை.

இருபது நிமிடம் கழித்து நர்ஸ் வந்து கையைப் பார்த்தாள். "சாருக்கு எந்த அலர்ஜியும் இல்லை. அம்மா, நாலு மணி ஆச்சு, நீங்க வாங்க."

மனைவி போய் உட்கார்ந்தாள். போட்டுக்கொண்டாள். பஞ்சை அழுத்தியபடி திரும்பி வந்தாள்.

"உனக்கு எதுக்கு ஊசி?" என்றார் அவர்.

"நாலு மணிக்குத் தடுப்பூசின்னு சொன்னேனே. எனக்குத்தான். உங்களுக்குன்னு சொன்னேனா?"

சொல்லவில்லைதான். யாருக்கு என்றே இல்லாத வாக்கியத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார், அதுவும் ஒரு புரூஃப் ரீடர். பன்னிரண்டு குத்தும் தண்டம். போகட்டும், மானம் பிழைத்தது, கண்டம் தாண்டியாயிற்று. நிம்மதியாக எழுந்து சட்டைக் கையை இறக்கினார்.

"இறக்காதீங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கு நாலரைக்கு."