ஊதாக் கல்லும் பூக்காரக்காவும்

“சுகிலின்னா என்ன மாப்ள அர்த்தம்?”

மாமனார் பேயாண்டி கேட்டதும் பாண்டிராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகளுக்கு ‘சுகிலி’ என்று பேர் வைக்கும் விசேஷம். செல்லூர் வீட்டில் தொட்டில் கட்டியாகிவிட்டது. வந்த சனமெல்லாம் காலையிலிருந்து இதையேதான் கேட்கிறது.

“பேயாண்டின்னா என்ன அர்த்தம்னு உங்கள யாராச்சும் கேட்டாகளா மாமா? இது அபூர்வமான கனிமம். ஊதா நிறம். மதுரையிலயே எவளுக்கும் இந்தப் பேரு கிடையாது.”

“கனிமம்னா?”

“பூமிக்குள்ள கிடைக்கிற கல்லு.”

தொட்டிலருகே நின்ற அக்கா முனீஸ்வரி வெடுக்கென்று திரும்பினாள். குழந்தையின் காதில் பேர் சொல்ல வேண்டிய அத்தை அவள்தான். “கல்லா? எம் மருமக காதுல போயி கல்லுன்னு சொல்லவா? என்னால முடியாதுடா.”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் மனைவி முத்துமீனா. “அந்தப் பூக்காரக்கா பேரக் கேட்டு வைப்போம்னு.”

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் முத்துமீனாவுக்குத் திடீரென்று வலி கண்டபோது, முன்பின் தெரியாத அந்தப் பெண் பூக்கூடையை வெயிலில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பிடித்த கையை விடவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் மல்லிகை அம்புட்டும் வாடிக் கிடந்தது. அதற்காக அவள் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. இறைவன் சிலரை இப்படித்தான் அனுப்பிவைக்கிறான்.

“அதான் சேலை எடுத்துக் குடுத்தாச்சுல்ல?” என்று எகிறினான் பாண்டிராஜ். “பூக்காரி பேரு ஏதாச்சும் பட்டிக்காட்டுப் பேரா இருக்கும். பள்ளிக்கூடத்துல எம் புள்ளையப் பார்த்துச் சிரிக்கவா? இது சும்மா கல்லு இல்ல, மோதிரத்துல பதிக்கிற கல்லு. தெரிஞ்சுக்கங்க!”

விருந்துக்கு வந்திருந்த நகைக்கடை முத்திருளன் உதட்டைப் பிதுக்கினார். “நானும் தலை நரைக்கிற வரைக்கும் கல்லு பாக்குறேன் தம்பி. அப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே.”

பேயாண்டி குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்கிறாதீக மாப்ள. கூடப் படிச்ச புள்ள யாரும் அந்தப் பேருல…?”

தாழ்த்திய குரல் சமையல்காரர்வரை கேட்டது. முத்துமீனா தொட்டில் கயிற்றை விட்டாள்.

“மீனாட்சி சத்தியமா கல்லுதான்!” என்று அலறினான் பாண்டிராஜ். “காலேஜ்ல பாறையப் பத்தியே பாடம் எடுக்கிற அருண்பாண்டி சார்கிட்டயே கேப்போம். எல்லாரும் கேளுங்க!”

போனில் ஸ்பீக்கரைப் போட்டான்.

“இருக்கே,” என்றார் வாத்தியார். பாண்டிராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். “முழுப்பேரு சுகிலைட். அர்த்தம்னு தனியா ஒண்ணும் கிடையாது. ஜப்பான்ல சுகின்னு ஒரு பேராசிரியர். அந்தக் கல்ல முதல்ல கண்டெடுத்தவர். பின்னால வந்தவங்க அவரை மறக்கக்கூடாதுன்னு அவர் பேரையே வச்சாங்க. கனிமங்கள்ல பாதிக்கு அப்படித்தான், ஏதோ ஒரு மனுசன் பேரா இருக்கும்.”

“ஆம்பளப் பேரா!” என்று தலையில் கை வைத்தாள் முனீஸ்வரி.

முத்துமீனா நிதானமாகக் கேட்டாள். “கல்லக் கண்டெடுத்தவருக்கே இம்புட்டு மரியாதை செய்றாக. நம்ம புள்ளையக் காப்பாத்திக் குடுத்தவளுக்கு வெறும் சேலைதானா?”

பாண்டிராஜ் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். வாசலில், பந்துப் பூவோடு உள்ளே வரத் தயங்கியபடி அதே பூக்காரக்கா நின்றுகொண்டிருந்தாள். எந்தப் பட்டிக்காட்டுப் பேராக இருந்தாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் போனான்.

“அக்கா, உங்க பேரு என்ன?”

“அது எதுக்கு தம்பி? ஒருத்தர் வாயிலயும் நுழையலன்னுதான் பூக்காரின்னே விட்டுட்டேன்.”

“பரவால்லக்கா, சொல்லுங்க. பாப்பாவுக்கு வைக்கணும்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“வில்கெல்மினா. என்னையப் பெத்தப்ப எங்காத்தா கையப் புடிச்சுக்கிட்டு நின்ன வெள்ளைக்கார நர்சம்மா பேரு தம்பி.”