மாமனார் முகமும் ஓட்டைத் தாம்பாளமும்

அரைகுறை அறிவுள்ளவன் சும்மா இருக்க மாட்டான். 1994-இல் விழுப்புரத்தில் அப்படிச் சும்மா இராதவன் அடியேன்தான்.

அப்போது நான் டுடோரியலில் இயற்பியல் வாத்தியார். எனக்குப் பார்த்த பெண்ணின் அப்பா திண்டிவனத்தில் கலர் டிவி விற்பவர். "டுடோரியலா...?" என்று அவர் இழுத்த இழுப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடக்கும் நிச்சயதார்த்தத்தில் அவரை அசத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆதிகால டிவிக்குப் பிக்சர் டியூப் கிடையாது. சுருளாக ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு சுழன்று, முகத்தை வரி வரியாக அளந்து காட்டும். அதைச் செய்தவர் தொப்பிப் பெட்டி, சைக்கிள் விளக்குக் கண்ணாடி என்று கிடைத்ததை வைத்தே செய்தாராம். (நாம் மட்டும் என்ன இளப்பமா?) எனக்குக் கிடைத்தது பரணில் இருந்த பித்தளைத் தாம்பாளம். முப்பது ஓட்டை போட்டு டேபிள் ஃபேன் மோட்டாரில் மாட்டினேன். ஒரு பக்கம் வெளிச்சத்தை உணரும் செல், மறுபக்கம் ஒரு நியான் பல்பும் குட்டித் திரையும்.

நிச்சயத்தன்று மாமனாரை உட்கார வைத்து, முகத்துக்கு நேராக இரண்டு ஃபோகஸ் லைட்டைப் போட்டேன்.

"இன்னா தம்பி, மூஞ்சி வேவுது. பேஜாரா இருக்குதே!"

தீப்பெட்டி அளவுத் திரையில் செம்மஞ்சள் வரிகள். நடுவே ஒரு கறுப்புக் கோடு.

"மாமா, உங்க மீசை தெரியுதுங்க!"

ஆசையாக எழுந்து வந்து குனிந்தார். திரையில் ஒன்றுமில்லை.

"எங்கப்பா நானு?"

"நீங்க அங்க உக்காந்தாதாங்க இங்க தெரிவீங்க."

"அப்ப நான் எப்ப பாக்கறது?"



அதற்குள், "ஜல்தியா வாங்க, ராகு காலம் வரப்போவுது. தட்டு எங்கடா?" என்று வந்த அம்மா, மோட்டாரில் தாம்பாளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தட்டு மாற்ற வேறு தாம்பாளம் இல்லை. கழற்றித் துடைத்து, ஓட்டைகளின் மேல் வெற்றிலை பரப்பி, பாக்கு, பழம், குங்குமம் வைத்தார். மாமனார் பயபக்தியோடு வாங்கும்போது வெற்றிலை நகர்ந்தது. அவருடைய வெள்ளை வேட்டியில் ஓட்டைகள் வழியே குங்குமம் சுருளாக இறங்கியது.

 கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது மணப்பெண் குரல் கேட்டது: "அப்பா, இப்பதான் படம் நல்லா தெரியுது!"

முதலில் அம்மா சிரித்தார். கடைசியாக மாமனார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டு டிவி மக்கர் செய்தால், "தாம்பாளத்த எடுத்தாரட்டுமாங்க?" என்பாள் என் மனைவி.

பல வருடம் கழித்து, மாமனாருக்கு ஸ்மார்ட்போன் வந்தது. முதல் வீடியோ கால் எனக்குத்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் திரையின் மூலையில் இருந்த குட்டிப் படத்தையே பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா?"

"இரு தம்பி, இப்பதான் பாத்துக்கினு இருக்கேன்."