முள்ளம்பன்றிக்கு ஒதுக்கிய வளை

ஒரு காட்டில் அகதிகள் இருந்தார்கள். பக்கத்துக் காடு எரிந்தபோது ஓடிவந்த முள்ளம்பன்றிகள். "கொஞ்ச நாள் இங்கே இருங்க" என்று ஒரு தார்ப்பாய்க் கொட்டகையைக் காட்டினார்கள். அந்தக் கொஞ்ச நாளில் பரிமளம் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள். இப்போது நிறைமாதம்.

அவளுக்கு ஒரே ஆசைதான். குட்டி ஒழுகாத இடத்தில் பிறக்க வேண்டும்.

ஒருநாள் நரி வந்தார். மறுவாழ்வுத் துறை அதிகாரி. "புது வளை தயார். கொட்டகையைப் பிரிக்கிறோம், கிளம்புங்க."

கிளம்பினார்கள். கொட்டகை போயிற்று. புது வளை வாசலில் குறுக்கே ஒரு ரிப்பன்.

"ராஜா வந்து வெட்டணும். அதுவரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது," என்றார் நரி.

"எப்ப வருவாரு சார்?"

"தேதி கேட்டிருக்கோம்."

"என் வயித்துல இருக்கறது தேதி கேக்காதுங்க."

"அதை நீ முன்னாடியே யோசிச்சிருக்கணும்மா."

மழை பிடித்தது. வலியும் பிடித்தது. பரிமளம் யோசிக்கவில்லை. ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். இரண்டு குட்டிகள். சொட்டு நீர் படவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். விட்டால்தானே.

காலையில் சிங்கராஜா வருவதாகத் தகவல். நரி பதறி ஓடிவந்தார். "ஏம்மா, ஆள் குடியிருக்கிற வீட்டை எப்படித் திறந்து வைக்கிறது? ராஜா என்ன நினைப்பார்? வெளியே வா. விழாப் பந்தல்ல போய் உட்காரு. கூட்டமும் காட்டின மாதிரி இருக்கும்."

குட்டிகளை அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ராஜா வந்தார். வெட்டினார். கை தட்டினார்கள். பரிமளமும் தட்டினாள், தட்டச் சொல்லியிருந்தார்கள். ராஜா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடடா, கதகதன்னு இருக்கே. ஒருத்தரும் குடியில்லையா?"

இருக்கிறார்கள் என்று சொன்னால் திறப்பு விழா பொய்யாகிவிடும். "இல்லீங்க ராஜா," என்றார் நரி.

"அப்ப எதுக்கு வீணாக்கறே? உன் துறைக்கு ஆபீஸா வச்சுக்கோ."

நரி அன்றே மேசை போட்டார்.

பந்தல்காரக் கரடி வந்து கயிற்றை அவிழ்த்தான். "எழுந்திரு தாயி. அடுத்த விழாவுக்குப் போகணும்."

"நாங்க எங்க போறது?"

"அதான் ஆபீஸ் திறந்திருக்காங்களே. அங்க கேளு."

கேட்கப் போனாள். மறுபடி தூறல்.

"வெளியே நில்லும்மா," என்றார் நரி. "குட்டிங்க சத்தம் போடுது. வேலை ஓடலை."

நீதி: குடியிருக்க இடம் வேண்டுமா, அகதியாக வராதே. அகதிகளைக் கவனிக்கிற அதிகாரியாக வா.