குக்கர் வெயிட்டு காணாமப் போன கேஸ்

இந்த வீட்டுல இனிமே அந்த ஜப்பான் கார்ட்டூன் ஓடக் கூடாதுன்னு ஒரு வெள்ளிக்கிழமை காலையில தீர்மானம் போட்டேன். சும்மா ஆளு போட்ட தீர்மானம் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஊர் ஊரா ஏட்டு வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். பேரு பாண்டிச்செல்வம். ராஜபாளையத்துல எங்க தெருவுல என்னைவிட என் மீசையத்தான் நெறையப் பேருக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவன் ராத்திரி எட்டு மணிக்கு டிவியில நியூஸ் விவாதம் பாக்க வழியில்ல. என் பொஞ்சாதி கனகலட்சுமியும் பிளஸ் டூ படிக்கிற மக நாச்சியாரும் டிவிக்கு முன்னாடி உக்காந்தா எந்திரிக்க மாட்டாக.

துப்பறியும் கார்ட்டூனாம். ஒரு ஹைஸ்கூல் பையன், கண்ணு பாதிதான் திறந்திருக்கும், அவந்தான் துப்பறியுதான். நடக்க மாட்டான், ஓட மாட்டான். பெஞ்சுல கவுந்து படுத்துக்கிட்டே யோசிப்பான். டிபன் பாக்ஸும் கையுமா ஒரு பிள்ளை அவன உலுக்கி உலுக்கி எழுப்பிவிடும். இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டே இருப்பான். சரி, கொலை உண்டா? கெடையாது. செயின் அறுப்பு? அதுவும் கெடையாது. மொட்டை மாடியில இருக்கிற பூந்தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துனதுன்னு வாரக் கணக்குல தேடுதாங்க. ஊத்துனா செடிக்கு நல்லதுதான, அதுல என்ன மர்மம்? இப்படி ஒரு புகாரோட ஸ்டேஷனுக்கு வந்திருந்தா, வந்தவனத்தான் நாங்க உக்கார வச்சு விசாரிச்சிருப்போம்.

"இவனெல்லாம் ஒரு ஆளா? கூமாப்பட்டியில ஒரு ஆடு காணாமப் போச்சுன்னு வையி, இந்தத் தூங்குமூஞ்சி கண்டுபிடிச்சிருவானா?"ன்னு கனகத்துக்கிட்ட கேட்டேன்.

"நீங்க கண்டுபிடிச்சீகளா?"

அந்த ஆடு கெடைக்கலைங்கிறது வேற விஷயம். ஆனா ஒரு மனுசன இப்படி மடக்கலாமா? எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. இந்த வீட்டுல அடுத்து எது காணாமப் போனாலும், மொதல்ல எடுத்துக் குடுக்கிறவங்க ஜெயிச்சவங்கன்னு பந்தயம் போட்டேன். நான் ஜெயிச்சா கார்ட்டூன் அத்தோட சரி, எட்டு மணி எனக்கு. அவ ஜெயிச்சா என்ன வேணும்னு கேட்டேன்.

கனகம் யோசிக்கவே இல்ல. "மீசைய எடுக்கணும்"னா.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. நான் காச்சல்ல விழுந்து, டாக்டரே கைய விரிச்சுட்ட சமயத்துல, மம்சாபுரம் பக்கம் இருக்கிற எங்க குலசாமிக்கு இவ ஒரு வேண்டுதல் வச்சிட்டா. புருசன் பொழைச்சா தலைமுடியும் மீசையும் காணிக்கைன்னு. நான் பொழைச்சேன். தலைமுடி எனக்காகக் காத்திராம தானாவே கொட்டிப் போச்சு. மீசைய மட்டும், இன்னைக்கு நாள் சரியில்ல, நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்குன்னு இழுத்தடிச்சுக்கிட்டே வந்துட்டேன். ஏட்டுக்கு மீசை இல்லைன்னா எவன் மதிப்பான்?

"உங்களுக்கு இது கேலியா இருக்கு. உசுரக் கேட்டு வாங்கியாச்சு, சொன்னதச் செய்யல. ஒவ்வொரு தடவையும் அந்தச் சன்னதியில தலைய நிமுத்த முடியல எனக்கு"ன்னு சொன்னா. கண்ணு கலங்கிருச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் தோத்தாத்தான மீசை? சரின்னு கையடிச்சிட்டேன்.

ஏன் அம்புட்டுத் தைரியம்னு கேப்பீங்க. காணாமப் போறதுக்கு நான் எதுக்குக் காத்திருக்கணும்? அன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு மாரிக்கனிகூட அவ பூ வாங்கப் போனதும், அடுப்படிக்குள்ள போயி குக்கர் வெயிட்ட எடுத்தேன். கட்டிலுக்கு அடியில இருக்கிற என் போலீஸ் ஷூவுக்குள்ள போட்டேன். ஞாயித்துக்கிழமை கறி எடுக்கிற நாளு. குக்கர் இல்லாம எலும்பு வேகுமா? வீடே தவிக்கும். அந்த நேரம் பாத்து நானே துப்பறிஞ்சு நானே எடுத்துக் குடுக்கிறதா ஏற்பாடு. குத்தவாளியும் நானே, போலீசும் நானே. எப்படித் தோக்கும்?

சாயங்காலம் கனகம் வெயிட்டக் காணோம்னா. தேடவே இல்ல. சட்டியில சோத்த வடிச்சிட்டு கார்ட்டூன் பாக்க உக்காந்துட்டா. அம்மாவும் மகளும் அந்தத் தூங்குமூஞ்சிய மாதிரியே தலகாணியில சாஞ்சு கெடந்தாக. தேட வேண்டாமான்னு கேட்டதுக்கு, "யோசிச்சா போதும்"னு நாச்சியா சொல்லுதா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

சனிக்கிழமை நான் விசாரணைய ஆரம்பிச்சேன். யாரும் அடுப்படியில எதையும் தொடக் கூடாதுன்னு உத்தரவு போட்டேன். டார்ச் அடிச்சு அலமாரிக்கு அடியில பாத்தேன். கொல்லையில குனிஞ்சு காலடித் தடம் பாத்தேன், இடுப்பு பிடிச்சிக்கிருச்சு. மாரிக்கனி வீட்டுக்குப் போயி, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க இருந்தன்னு கேட்டேன். உங்க பொஞ்சாதிகூடத்தாண்ணே பூக்கடையில நின்னேன், வெயிலு மண்டையில ஏறிருச்சா உங்களுக்குன்னு கேட்டு, ஒரு செம்பு மோரக் குடுத்து அனுப்பிவிட்டா. பரவாயில்ல. கேஸுன்னா அலையத்தான் செய்யணும்.

ஞாயித்துக்கிழமை காலையில கறி வாங்கிக் குடுத்தேன். நல்ல நெஞ்செலும்பு. செத்த நேரம் கழிச்சு ஷூவுக்குள்ள கைய விட்டு, கெடைச்சத அப்படியே கைக்குட்டையில சுத்திக்கிட்டுக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்கு அடியில கெடந்த மண்ண அள்ளி, பிரிச்சுப் பாக்காமலே கைக்குட்டைக்குள்ள போட்டுக் குலுக்குனேன். பொறவு ஒரு கனைப்பு கனைச்சிட்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்.

கேஸ் முடிஞ்சதுன்னு ஆரம்பிச்சேன். அடுப்படி ஜன்னல் வழியா ஒரு எலி வந்திருக்கு. வெயிட்டுல ஒட்டியிருந்த பருப்பு வாசத்துக்கு இழுத்துட்டுப் போயி கல்லுக்கு அடியில போட்டிருக்கு. இதையெல்லாம் படுத்துக்கிட்டே கண்டுபிடிக்க முடியாது, களத்துல எறங்கணும், அனுபவம் வேணும், மோப்பம் வேணும்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், குக்கர் விசில் அடிச்சுச்சு.

மாரிக்கனி வீட்டுலதான்னு நெனச்சு மேல பேசுனேன். ரெண்டாவது விசில் வந்துச்சு. எங்க அடுப்படியில இருந்து. கூடவே கறி வாசம்.

கைக்குட்டையப் பிரிச்சேன். உள்ள இருந்ததும் குக்கர் வெயிட்டுதான். ஆனா எங்களுது இல்ல. எங்களுது நல்ல வெள்ளையா இருக்கும், இது கறுத்துப் போயி, தலையில பச்சை பெயிண்டு அடிச்சிருந்துச்சு.

"அது மாரிக்கனி வீட்டுப் பழைய குக்கரோடது"ன்னு கனகம் நிதானமா சொன்னா. "அவ வீட்டு வெயிட்டு நம்ம கொல்லைக்கு எப்படி வந்துச்சு? அந்த எலி சுவரேறிக் குதிச்சு எடுத்துட்டு வந்துச்சாக்கும்?"

எப்படிட்டி தெரியும்னு மட்டும் கேட்டேன்.

"ரிட்டயர் ஆகியும் ஒரு சனிக்கிழமை விடாம அந்த ஷூவுக்குப் பாலிஷ் போடுதீக. பரேடு இல்ல, போட்டுக்கிட்டுப் போக எடமும் இல்ல. காச்சல்ல கெடந்தப்பகூட எந்திரிச்சு உக்காந்து தேச்சீக. நேத்து அதத் தொடவே இல்ல. அதான் நீங்க மாரிக்கனிய விசாரிக்கப் போன நேரம் உள்ள கைய விட்டேன். நம்மளுத எடுத்துக்கிட்டேன், நீங்க மோரு குடிச்சிட்டு வந்த பொறவு அவகிட்ட இதக் கேட்டு வாங்கி உள்ள போட்டுவச்சேன்."

கறி பஞ்சா வெந்திருந்துச்சு. எனக்குத்தான் எறங்கல.

அடுத்த நல்ல நாள்ல மம்சாபுரம் கூட்டிட்டுப் போயிட்டா. நாவிதர் கத்தியத் தீட்டும்போது எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு இழுப்புதான், முடிஞ்சுபோச்சு. ஆனா கனகம் அன்னைக்குச் சன்னதியில நிமுந்து நின்னு கும்பிட்டா. கும்பிட்டு முடிச்சு என் மூஞ்சியப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

பஸ்ஸுல திரும்பி வரும்போது, உங்கம்மாவுக்கு இம்புட்டு மூளை எங்க இருந்து வந்துச்சுன்னு நாச்சியாகிட்ட மெதுவாக் கேட்டேன்.

"மூளை என்னப்பா, நீங்க பந்தயம் போடுறதுக்கு முந்தி வந்த எபிசோடுதான் இது. அதுலயும் ஒளிச்சு வச்சவனே தேடுற மாதிரி நடிப்பான், அந்தப் பையன் படுத்துக்கிட்டே பொருள மாத்தி வச்சிருவான். நீங்கதான் பாதியில தூ-ன்னு துப்பிட்டு எந்திரிச்சுப் போனீங்க."

இப்பல்லாம் எட்டு மணிக்கு முன்னாடியே நான் வந்து உக்காந்துருதேன், கடைசியில பேரெல்லாம் ஓடி முடியிற வரைக்கும் எந்திரிக்கிறதில்ல.