வேலியைக் கொதிக்கவைத்த கிள்ளக்கா

ஜவ்வாது மலைக்கு முள்கம்பியை முதலில் ஏற்றியவன் நான். ட்ராக்டர் ஏறாத இடத்துக்கு, வேலிக்கு நடுகிற கல்தூணை, அதாவது கல்காலை, ஆட்களோடு தோளில் தூக்கிப்போய் நட்டவன் நான். ஆஸ்பத்திரி வேலி, ஹாஸ்டல் வேலி, ரேஷன் கடை கேட்டு, பலாத்தோட்டம், சாமைக்கொல்லை என்று இந்த மலையில் எங்கே கம்பி மின்னினாலும் அதை இழுத்துக் கட்டிய கை இந்தக் கைதான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் முழுப்பரீட்சை அன்றைக்கு மாடு மேய்க்கப் போய்விட்டேன். முதல் கம்பிச் சுருளை நான் இறக்கியபோது, "இது இன்னாத்துக்கு, துணி காயப்போடவா?" என்று சிரித்த ஊர் இது. அந்த ஊருக்கு எல்லை என்றால் என்னவென்று காட்டினேன்.

காட்டி என்ன பிரயோஜனம்? உலகத்திலேயே தன் வீட்டு வேலியைத் தானே சமைத்துத் தின்ற ஒரே மனுஷி எங்கள் ஊரில் வந்து பிறந்துவிட்டாள். கல்லையும் இரும்பையும் வளைத்தவன், ஒரு கொழுந்திலையிடம் தோற்றேன்.

அவள் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவள் கிள்ளக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான். இருந்தாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அந்தக் குரலுக்கு முன்னால் வேறு உறவுமுறை வாயில் வராது. ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்து வீட்டோடு இருந்தாள். வீட்டைச் சுற்றி ஒரு கம்பி கிடையாது, ஒரு கல் கிடையாது. ஒரு பக்கம் முள்ளோடு கல்யாண முருங்கை. ஒரு பக்கம் இடுப்பு உயரத்துக்குத் தவசிக்கீரை. தெருப் பக்கம் லச்சக்கொட்டைக் கீரை, வெளிர்மஞ்சள் இலையோடு, தூரத்திலிருந்து பார்த்தால் மரமே பூத்திருக்கிற மாதிரி. பின்னால் மரக்கீரை. இடுக்கெல்லாம் கொடிப்பசலை. எல்லாமே ஒருதரம் ஊன்றினால் வருஷக்கணக்கில் தழைக்கிற ஜாதி. விதை வாங்கி, பாத்தி கட்டி, தண்ணீர் தெளிக்கிற சிறுகீரை, அரைக்கீரை எதையும் அவள் மதிக்கமாட்டாள்.

"மாசத்துக்கு ஒருக்கா பொறந்து சாவற கீரைக்கு எவன் மாரடிக்கறது?" என்பாள்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்தவர் யாரானாலும் முதலில் ஒரு கைப்பிடி கொழுந்து கிள்ளவேண்டும். அப்புறம்தான் பேச்சு. "கிள்ளாத செடி ஒசரம் போவும், ஒதவாது. கிள்ளினாத்தான் பக்கத்துல கெளை வுடும்" என்பது அவள் நியாயம். கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்ப்பதற்குள் அரைக்கூடை தவசிக்கீரை கிள்ளி முடித்திருப்பார். தபால்காரர் கடிதத்தை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் கிள்ளுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு தேர்தலில், மாலையும் மேளமுமாக வேட்பாளர் வந்து கும்பிட்டார். கிள்ளக்கா அந்தக் கும்பிட்ட கையையே பார்த்தாள்.

"அந்தக் கையப் பிரிச்சு இதக் கொஞ்சம் கிள்ளு சாமி. ஓட்டு எங்கியும் ஓடிடாது."

அவர் கிள்ளினார். தலைவரே கிள்ளுகிறாரே என்று கூட வந்த நாற்பது பேரும் கிள்ளினார்கள். ஐந்து நிமிஷத்தில் வேலி மொட்டை. அவர் தோற்றுப்போனார். கிள்ளக்காவிடம் காரணம் கேட்டார்கள். "கொழுந்து எது முத்தல் எதுன்னே தெரியல அந்தாளுக்கு. நாட்டக் குடுக்கலாமா?" என்றாள்.

இன்னொரு நாள் கோழித் திருடன் வந்துபோனான். விடிந்ததும் ஊரே கூடி ஆறுதல் சொல்லப் போனோம். அவளுக்குக் கோழி போனது பெரிதில்லை. வேலியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்: "இவ்ளோ நேரம் உள்ள இருந்துருக்கான், ஒரு எல கிள்ளாம போய்ட்டான் பாரு! இன்னா வளர்ப்பு அது?"

இதெல்லாம் சிரிப்பு. எனக்கு வந்ததுதான் பேஜாரு. கம்பி வேலிக்கு அளவெடுக்க வரச்சொன்னவர்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். "வேணாம் மேஸ்திரி, கிள்ளக்கா போத்து குடுத்துச்சு, ஊனிட்டோம்." போத்து என்றால் வெறும் குச்சி, முழங்கை நீளம், நட்டால் வேர்விடும். என் கல்காலைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். அவள் வேலியை ஒரு பொம்பளை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவாள். நான் எப்படிப் பிழைப்பது? சண்டைக்குப் போனேன்.

"யக்கா, இது நாயமா? ஆடு புகுந்தா தாங்குமா ஒன் வேலி? என் கம்பி முப்பது வருசம் நிக்கும்."

"நிக்கட்டும் மேஸ்திரி. கொதிக்க வெச்சா எவ்ளோ நேரத்துல வேவும்?"

திரும்பிப் போகப் பார்த்தேன். 

"மொதல்ல கிள்ளு" என்றாள். வீம்புக்கு மரக்கீரையில் நாலு இலையைக் கிள்ளி வாயிலேயே போட்டு மென்றேன். பதறிப்போய் ஓடிவந்தாள். "துப்பு மேஸ்திரி! பச்சையா தின்னா வெசம். இருவது நிமிசம் கொதிக்கணும், அதும் அலுமினிய சட்டி ஆவாது!" கல்லைச் சுமந்தவனை இலை என்ன செய்யும் என்று விழுங்கினேன். சாயந்திரம்வரை அவள் வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். என்னைக் கட்டிலில் சாய்த்து, தலையில் தண்ணீர் தெளித்து, வயிறு அடங்கின பிறகு கேழ்வரகுக் களியும் அதே கீரையை மண்சட்டியில் வேகவைத்துக் கடைந்ததும் போட்டாள். அந்த ருசியை எழுத எனக்கு மூன்றாம் வகுப்பு போதாது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரமாவது சண்டை போடப் போவேன். சண்டை ஒரு சாக்குதான்.

போன வருஷம் அவள் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மலைக்குக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அவள் மகன் என்னைத் தேடி வந்தான்.

"மாமா, வூட்ட டூரிஸ்டுங்களுக்கு ரூமா வுடப்போறேன். கார் நிக்கணும். சுத்தி காம்பவுண்டு, முன்னாடி பெரிய கேட்டு. அந்தச் செடிங்கள எடுத்துடுங்க."

"ஒங்கம்மா இன்னா சொல்லுது?"

"அதுக்கு இன்னா தெரியும்? அது வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டைச் சுற்றி என் கையால் ஒரு வேலை நடக்கவேண்டும் என்று இருபது வருஷம் ஏங்கியவன். வீம்பு பிடித்த மனசு, சரி என்றுவிட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தோம். ட்ராக்டர் நிறையக் குச்சி. பள்ளத்தில் கொட்டச் சொன்னான் மகன். பள்ளம்வரைக்கும் போனேன். கொட்ட கை வரவில்லை.

கிள்ளக்கா வந்து இறங்கியபோது கேட்டுக்குப் பச்சை பெயின்டு அடித்துக்கொண்டிருந்தேன். மதிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"என் வேலிய எவன் வெட்டினது?"

"நான்தான் யக்கா."

அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன். "வெட்டறதுக்கு முன்னாடி கிள்ளினியா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கிள்ளவில்லை. தலையைத் தொங்கப்போட்டேன். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனவள்தான், அதோடு என்னிடம் பேச்சில்லை. நான் வெல்டிங் வைத்த கேட்டு, எனக்கே திறப்பதில்லை. உள்ளே அவளுக்குக் கிள்ள ஒரு இலை இல்லை. கீழேயிருந்து பஸ்ஸில் வருகிற முட்டைக்கோஸை மகன் வாங்கிப்போடுகிறானாம். அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாளாம். சாப்பாடே பாதியாகிவிட்டது என்கிறார்கள். நான் கட்டியதிலேயே உருப்படியான மதில் அதுதான். அதைத் தாண்டும்போதெல்லாம் இடிந்து விழக்கூடாதா என்று பார்க்கிறேன். விழாது. என் வேலை அப்படி.

மழை பிடித்த பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பஸ் ரோட்டோரம், ஆஸ்பத்திரி வேலியோரம், ஹாஸ்டல் வேலியோரம் எங்கே பார்த்தாலும் கிள்ளக்காவின் கீரை துளிர்த்திருக்கிறது. "மேஸ்திரி ட்ராக்டர்லருந்து வுழுந்த குச்சி, தானா மொளைச்சிருக்குது" என்கிறார்கள். அவள் காதிலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

தானாகவா?

வேலி கட்டியவன் சொல்கிறேன், போய்ப் பாருங்கள். விழுந்த குச்சி படுத்துக்கொண்டு முளைக்கும். இதெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. நான் நட்ட ஒவ்வொரு கல்காலுக்கும் சரியாக ஒரு சாண் தள்ளி நிற்கிறது. எந்த ட்ராக்டராவது சாண் போட்டு அளந்து கொட்டுமா? பள்ளத்தில் கொட்டாமல் திருப்பிக் கொண்டுவந்த குச்சிகளை, கடப்பாரையைப் பிடித்து, மூன்று நாள், தனி ஆளாக ஊன்றினேன். கல்கால் ஆடுகிறதா என்று பார்ப்பதாக ஆட்களிடம் சொல்லிவைத்தேன். கம்பி மேஸ்திரி கீரைக்குச்சி நடுகிறான் என்றால் மானம் போகுமே என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அவள் வீட்டு ரூம்களில் தங்குகிறவர்கள் இந்தப் பத்திரிகையைத் தின்பண்டத்தோடு வாங்கிவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேள்வி. அவள் கண்ணில் படும் என்றுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், இந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் போடுங்கள்: வெட்டியவன் நான், நட்டவனும் நான். முதலாவதை ஊரே சொல்கிறது. இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அதுவும் அவள் வாயால்.

யக்கா, தினமும் ரோடு நெடுகக் கிள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஒரு ஆள் கையால் ஆகவில்லை. எல்லாம் ஒசரம் போகிறது.